நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கம்ப்யூட்டர் படிக்காத உறவினர்களுக்கும் புரியும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்கிறார். கிளை அலுவலகத்தில் இருப்பவர்கள் தலைமை அலுவலக சர்வரில் லாகின் செய்ய முடிகிறது. சின்னப் பக்கங்கள் திறக்கின்றன. ஆனால் பெரிய அறிக்கை எதையாவது திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. பிழை என்று திரையில் எதுவும் வருவதில்லை. இரண்டு நாள் தூக்கம் கெட்ட பிறகு காரணம் பிடிபட்டிருக்கிறது. சர்வருக்கு முன்னால் இருந்த ஃபயர்வாலில் ஐசிஎம்பி செய்திகள் அனைத்தையும் அவர் அடைத்து வைத்திருந்தார்.

"நீங்க கிளாஸ்ல சொன்னதைத்தான் சார் செஞ்சிருந்தேன். ஐசிஎம்பியை மொத்தமா அடைச்சிடுங்க, நிம்மதின்னு சொன்னீங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அது உண்மை. 1999-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் என் வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன். கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன், ஏன் அது தவறு என்பதற்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஐசிஎம்பி என்றால் என்ன? தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் அனுப்பிய பதிவுத் தபால் சில சமயம் நமக்கே திரும்பி வரும். உறையின் மேல் தபால்காரர் எழுதியிருப்பார்: முகவரிதாரர் இல்லை, கதவு பூட்டியிருந்தது, வாங்க மறுத்துவிட்டார் என்று. கடிதம் போய்ச் சேரவில்லைதான். ஆனாலும் அந்த ஒரு வரி எவ்வளவு உதவி! அடுத்து என்ன செய்வது என்று அதை வைத்துத்தானே முடிவு செய்கிறோம். இணையத்தில் அந்த ஒரு வரிக்குப் பெயர் ஐசிஎம்பி செய்தி. வழியில் இருக்கும் ரவுட்டர் எழுதியும் அனுப்பலாம், போய்ச் சேர்ந்த கணினி எழுதியும் அனுப்பலாம். எழுதுவதும் வந்ததைப் படிப்பதும் இயக்க முறைமையின் மையப் பகுதியான கெர்னலின் வேலை.

இதை வரையறுத்தவர் ஜான் போஸ்டல். அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்தவர். 1981 ஏப்ரலில் ஆர்எஃப்சி 777 என்ற ஆவணமாக எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் திருத்தி ஆர்எஃப்சி 792 ஆக வெளியிட்டார். இணையத்தின் அடிப்படையான ஐபி நெறிமுறையின் ஆவணம் 791. அதற்கு அடுத்த எண்ணே இதற்கு. டிசிபி 793. மூன்றும் ஒரே மாதத்தில் வந்த உடன்பிறப்புகள்.

அதற்கு முன் இருந்த அர்ப்பாநெட்டில் செய்தியைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை நெட்வொர்க்கே ஏற்றுக்கொண்டது. ஐபி வந்தபோது அந்தப் பொறுப்பு இரு முனைகளிலும் உள்ள கணினிகளுக்குப் போனது. நடுவில் இருக்கும் ரவுட்டர் தன்னால் முடிந்தவரை தள்ளிவிடும். முடியாவிட்டால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். போடட்டும், ஆனால் ஏன் போட்டேன் என்று சொல்ல ஒரு வழி வேண்டாமா? அதற்காகத்தான் ஐசிஎம்பி. இது ஐபியை நம்பகமாக்குவதற்கு அல்ல, என்ன நடந்தது என்று தெரிவிப்பதற்கு மட்டுமே என்பதில் போஸ்டல் தெளிவாக இருந்தார். செய்தி வரலாம், வராமலும் போகலாம். வந்தால் லாபம்.

அந்த ஆவணத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவுகள் இரண்டு. ஒன்று: பிழைச் செய்தியை அனுப்பும்போது, தொலைந்துபோன பாக்கெட்டின் ஐபி தலைப்பையும் அதற்கு அடுத்த 64 பிட்டுகளையும், அதாவது 8 பைட்டுகளையும், சேர்த்து அனுப்ப வேண்டும். எட்டே எட்டு பைட்தானா என்று கேட்பீர்கள். டிசிபி, யுடிபி இரண்டிலும் போர்ட் எண்கள் இருப்பது முதல் நான்கு பைட்டுகளில். ஆகவே செய்தி திரும்பி வந்ததும் கெர்னல் அந்த எண்களைப் பார்த்து, இது பிரவுசர் அனுப்பியதா, மெயில் புரோகிராம் அனுப்பியதா என்று கண்டுபிடித்து, அதனிடம் மட்டும் பிழையைச் சொல்லிவிடும். பத்து வீடு உள்ள குடியிருப்பில் திரும்பி வந்த கடிதத்தைச் சரியான வீட்டில் கொடுப்பதுபோல.

இரண்டு: ஐசிஎம்பி செய்தியைப் பற்றி இன்னொரு ஐசிஎம்பி செய்தி அனுப்பக் கூடாது. அனுப்பினால் என்ன ஆகும்? என் பிழைச் செய்தி உன்னிடம் வந்து சேரவில்லை என்று ஒரு பிழைச் செய்தி, அதுவும் சேரவில்லை என்று இன்னொன்று என முடிவே இருக்காது. 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122 இதைச் செம்மைப்படுத்தியது. பிழைச் செய்திக்குப் பிழைச் செய்தி கூடாது. எல்லோருக்குமாக ஒலிபரப்பிய பாக்கெட்டுக்கும் பிழைச் செய்தி கூடாது என்றது. இல்லாவிட்டால் ஒருவர் கேட்ட கேள்விக்கு நூறு கணினிகள் ஒரே நேரத்தில் தெரியாது என்று கத்தும். இன்றும் ஒவ்வொரு கெர்னலும் பிழைச் செய்தி அனுப்பும் முன் இந்தச் சோதனைகளைச் செய்துவிட்டுத்தான் அனுப்புகிறது.

அடுத்த கதை உங்கள் எல்லோருக்கும் பழக்கமான பிங். 1983 ஜனவரி 1 அன்று அர்ப்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபிக்கு மாறியது. அதே ஆண்டு ஜூலையில் நார்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில் டேவ் மில்ஸ் ஒரு விஷயம் சொன்னார். ஐசிஎம்பியில் எக்கோ என்று ஒரு செய்தி உண்டு. அனுப்பினால் எதிர்முனை அதையே திருப்பி அனுப்பும். அதை வைத்து நெட்வொர்க்கின் தாமதத்தை அளக்கலாம் என்றார். கணினிகளின் கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒத்திசைக்கும் என்டிபி முறையைத் தந்தவர் இவர்தான்.

கூட்டத்தில் இருந்த மைக் மூஸ் இதை மனத்தில் வைத்துக்கொண்டார். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அந்த டிசம்பரில் அவர்கள் நெட்வொர்க் ஒருநாள் ஏதோ கோளாறாக நடந்துகொண்டது. மூஸ் உடனே உட்கார்ந்து பிங் புரோகிராமை எழுதினார். கம்பைல் ஆனது, ஆனால் வேலை செய்யவில்லை. காரணம், அவர் பயன்படுத்திய பெர்க்லி யூனிக்ஸ் கெர்னலில், ஒரு சாதாரண புரோகிராம் ஐசிஎம்பி செய்தியை நேரடியாக அனுப்பவோ பெறவோ வசதியே இல்லை. கோபம் வந்துவிட்டது மனிதருக்கு. கெர்னலுக்குள்ளேயே புகுந்து அந்த வசதியையும் எழுதி, விடிவதற்குள் எல்லாவற்றையும் ஓட வைத்துவிட்டார். ஆனால் அவர் முதல் பிங்கை அனுப்புவதற்குள் சக பணியாளர் ஒருவர் கோளாறான கருவியைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்!

எந்தக் கோளாறுக்காக எழுதினாரோ அதற்கு உதவாத புரோகிராம், அதன் பிறகு உலகம் முழுவதும் உதவியது. மூஸ் தம் மாற்றங்களைப் பெர்க்லிக்கு அனுப்பினார். 1986-இல் வந்த 4.3 பிஎஸ்டியில் அது சேர்ந்தது. அங்கிருந்து எல்லா யூனிக்ஸுக்கும் பரவியது. 2000 நவம்பரில் ஒரு கார் விபத்தில் அவர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 42.

இங்கே இன்னொரு சின்னத் திருத்தம். பிங் என்பதன் விரிவாக்கம் எழுதுக என்று நான் இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்டிருக்கிறேன். பாக்கெட் இன்டர்நெட் குரோப்பர் என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். அந்த விரிவாக்கம் மில்ஸ் பின்னால் கற்பித்தது. மூஸ் பெயர் வைத்தது நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் கருவி எழுப்பும் ஒலியை நினைத்து. எழுதாமல் விட்டு மதிப்பெண் இழந்தவர்கள் என்னை மன்னிக்கவும்.

பிங் பற்றி ஒன்றை மறக்காதீர்கள். எக்கோவுக்குப் பதில் அனுப்புவது கெர்னல்தான். வேறு எந்தப் புரோகிராமும் அல்ல. ஆகவே பிங்குக்குப் பதில் வந்தால் அந்தக் கணினியின் கெர்னல் உயிரோடு இருக்கிறது, பாதை திறந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். அதில் ஓடும் வெப்சைட் செத்துக் கிடக்கலாம். வாசலில் காவலாளி பதில் சொல்கிறார் என்பதற்காக வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார் என்று சொல்ல முடியாதல்லவா?

எல்லா ஐசிஎம்பி செய்திகளும் வெற்றி பெறவில்லை. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், நெட்வொர்க்கின் வேகம் நொடிக்கு 32 ஆயிரம் பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. ஆயிரம் விடுபட்டுவிட்டதோ என்று நினைக்காதீர்கள், நாற்பதேதான். நெரிசலில் பாக்கெட்டுகள் தொலைய, தொலைந்ததை எல்லோரும் மறுபடி மறுபடி அனுப்ப, நெரிசல் மேலும் கூடியது. இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஐசிஎம்பியில் ஒரு செய்தி இருந்தது. சோர்ஸ் குவென்ச் என்று பெயர். மெதுவாக அனுப்பு என்று பொருள். ஆனால் ஏற்கெனவே அடைபட்ட சாலையில் அந்தச் செய்தியும் ஒரு வண்டிதானே! அதே ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன் வேறு வழி கண்டார். பாக்கெட் தொலைவதையே நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு டிசிபி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளட்டும் என்றார். 1988-இல் கட்டுரையாக எழுதினார். இணையம் பிழைத்தது. சோர்ஸ் குவென்ச் மெல்ல வழக்கொழிந்து, 2012-இல் முறைப்படி ஓய்வு பெற்றது. என்னைப் போல.

அதே ஜேக்கப்சன், ஸ்டீவ் டீரிங் சொன்ன ஒரு யோசனையை வைத்து ட்ரேஸ்ரூட் எழுதினார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் அது எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்று ஓர் எண் இருக்கும். பூஜ்யமானால் ரவுட்டர் பாக்கெட்டைப் போட்டுவிட்டு, ஆயுள் முடிந்தது என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி எழுதும். அந்த எண்ணை வேண்டுமென்றே 1, 2, 3 என வைத்து அனுப்பினால் வழியில் உள்ள ரவுட்டர்கள் வரிசையாகத் தங்கள் முகவரியோடு பதில் எழுதும். பாதை முழுவதும் தெரிந்துவிடும். பிழைச் செய்திகளை மட்டுமே வைத்து ஒரு வரைபடம் போட்டிருக்கிறார்!

இனி என் மாணவரை இரண்டு நாள் தூங்கவிடாத செய்திக்கு வருகிறேன். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1,500 பைட் வரை இருக்கலாம். ஆனால் வழியில் விபிஎன் போன்ற ஒரு சுரங்கப் பாதை இருந்தால், அதன் சொந்த உறைகளுக்கும் இடம் வேண்டும் என்பதால், அவ்வளவு பெரிய பாக்கெட் உள்ளே நுழையாது. துண்டு போடலாம், ஆனால் அதில் சிக்கல்கள் பல. ஆகவே 1990 நவம்பரில் ஜெஃப் மொகுலும் டீரிங்கும் ஆர்எஃப்சி 1191-இல் ஒரு முறை சொன்னார்கள். பாக்கெட்டில் துண்டு போடாதே என்று குறித்து அனுப்பு. வழியில் எந்த ரவுட்டராலாவது அதைச் செலுத்த முடியாவிட்டால், அது பாக்கெட்டைப் போட்டுவிட்டு, பெரிதாக இருக்கிறது என்று ஐசிஎம்பி அனுப்பட்டும். அத்துடன் எவ்வளவு வரை போகலாம் என்ற அளவையும் எழுதட்டும். பாலத்துக்கு முன்னால் உயரம் எழுதிய பலகை மாதிரி. செய்தி கிடைத்ததும் கெர்னல் அந்த முகவரிக்கு இனி இந்த அளவுதான் என்று நினைவில் வைத்துக்கொண்டு சின்னதாக அனுப்பும். பயனாளருக்கு எதுவும் தெரியாது.

அந்தப் பலகையை ஃபயர்வால் பிடுங்கிப் போட்டுவிட்டால்? லாகின் பக்கம் சின்னது, போய்விடும். பெரிய அறிக்கை 1,500 பைட் பாக்கெட்டுகளாகப் புறப்படும். சுரங்க வாயிலில் ரவுட்டர் போட்டுவிட்டு முறையாகச் செய்தி அனுப்பும். செய்தி ஃபயர்வாலில் சாகும். சர்வரின் கெர்னல் பாக்கெட் தொலைந்துவிட்டது போலும் என்று அதே பெரிய பாக்கெட்டை மறுபடி அனுப்பும், மறுபடியும் மறுபடியும். அந்த நெட்வொர்க்கில் ரவுட்டர் உண்மையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நாங்கள்தான் அதன் வாயைக் கட்டியிருந்தோம்.

நாங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் அப்படிக் கட்டச் சொன்னேன்?

அந்தக் காலம் அப்படி. 1996 இறுதியில் மரண பிங் என்று ஒன்று கிளம்பியது. ஐபி பாக்கெட் 65,535 பைட்டுக்கு மேல் இருக்க முடியாது. ஆனால் துண்டு துண்டாக அனுப்பி, சேர்க்கும்போது அந்த அளவைத் தாண்டும்படி செய்தால், பல இயக்க முறைமைகளின் கெர்னல்கள் ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதி அப்படியே விழுந்தன. உண்மையில் பிழை ஐசிஎம்பியில் இல்லை. துண்டுகளைச் சேர்க்கும் பகுதியில் இருந்தது. பழி பிங் மேல் விழுந்தது. அடுத்து ஸ்மர்ஃப் தாக்குதல். ஒருவருடைய முகவரியைத் திருடி, அவர் கேட்டதுபோல ஒரு பெரிய நெட்வொர்க்கின் ஒலிபரப்பு முகவரிக்கு எக்கோ அனுப்பினால், அங்கிருக்கும் எல்லாக் கணினிகளும் அந்த அப்பாவிக்குப் பதில் அனுப்பி அவரை மூழ்கடித்துவிடும். 1998 ஜனவரியில் இதுபற்றி அமெரிக்காவின் செர்ட் அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது.

அவற்றைப் படித்த பயத்தில்தான் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டேன். ஆனால் அதே நேரத்தில் சரியான மருந்துகளும் வந்துகொண்டிருந்தன. துண்டு சேர்க்கும் பிழையைக் கெர்னல்களில் திருத்தினார்கள். ஒலிபரப்பு முகவரிக்கு வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை ரவுட்டர்கள் உள்ளே விடக் கூடாது என்று 1999 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 2644 சொன்னது. ஒலிபரப்பாக வரும் எக்கோவுக்கு லினக்ஸ் கெர்னல் இன்று தானாகவே பதில் சொல்வதில்லை. நோய் இருந்த இடத்தில் மட்டும் மருந்து போட்டார்கள். நான் காது வலிக்கிறது என்று காதையே அடைக்கச் சொன்னேன்.

வந்த செய்தியையும் இன்றைய கெர்னல் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. யார் வேண்டுமானாலும் பொய்யாக ஒரு ஐசிஎம்பி எழுதலாமே! அதனால் உள்ளே இருக்கும் அந்த எட்டு பைட்டைப் பார்க்கிறது. நான் திறந்திருக்கும் இணைப்பா, அதில் இருக்கும் டிசிபி வரிசை எண் நான் அனுப்பி இன்னும் பதில் வராத எல்லைக்குள் இருக்கிறதா என்று லினக்ஸ் சரிபார்க்கிறது. பொருந்தாவிட்டால் தூக்கிப் போடும். போர்ட் எண்ணுக்காக மட்டுமல்ல, அடையாளச் சான்றாகவும் அந்த எட்டு பைட் இன்று உதவுகிறது. அந்த நெட்வொர்க்குக்குப் பாதை இல்லை என்று ஒரு செய்தி வந்தாலும் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் டிசிபி இணைப்பை அதற்காக உடனே முறித்துவிடக் கூடாது, அது தற்காலிகமாக இருக்கலாம் என்பதும் ஆர்எஃப்சி 1122 சொன்ன விதி.

அனுப்புவதிலும் அளவு உண்டு. லினக்ஸ் கெர்னல் மொத்தமாக நொடிக்கு 1,000 செய்திகள் என்று ஒரு வரம்பு வைத்தது. இதிலும் ஒரு திருப்பம் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தையும் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020 நவம்பரில் ஒன்றைக் காட்டினார்கள். அந்த வரம்பு எப்போது தீர்கிறது என்று வெளியிலிருந்து எண்ணிப் பார்த்தே, டிஎன்எஸ் சர்வர் எந்தப் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறது என்று ஊகித்து, அதற்குப் பொய் முகவரியை ஊட்ட முடியும் என்றார்கள். இதற்குக் கெர்னல்காரர்கள் என்ன செய்தார்கள்? ஐசிஎம்பியை அடைத்துவிடவில்லை. அந்த வரம்பை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாதபடி கொஞ்சம் கூடக் குறைய மாற்றிவிட்டார்கள். சில வரித் திருத்தம். என்னைவிடப் பொறுமையான ஆசிரியர்கள்.

ஆகவே, அந்த ஆண்டுகளில் என்னிடம் படித்தவர்களே, கரும்பலகையில் இருந்ததை அழித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் வகைச் செய்தி, அதாவது சென்றடைய முடியவில்லை என்பதை உள்ளே விடுங்கள்; அதில் நான்காவது உட்பிரிவுதான் பாக்கெட் பெரிது என்ற பலகை, அதைக் கட்டாயம் விடுங்கள். பதினோராம் வகை, ஆயுள் முடிந்தது என்பதையும் விடுங்கள். எக்கோவை முழுக்க அடைக்காமல் அளவு வையுங்கள். ஐபிவி6 பயன்படுத்தும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ரவுட்டர்கள் வழியில் துண்டே போடுவதில்லை. பக்கத்தில் இருக்கும் கணினியைக் கண்டுபிடிப்பதே ஐசிஎம்பி வழியாகத்தான். அங்கே மொத்தமாக அடைத்தால் நெட்வொர்க்கே இருக்காது. எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று ஆர்எஃப்சி 4890 விரிவாகச் சொல்கிறது. படித்துவிட்டுச் செய்யுங்கள், என் பேச்சை மட்டும் நம்பி வேண்டாம்.

அந்த மாணவரிடம் போனில் கடைசியாக ஒன்று கேட்டேன். "இருபது வருஷமா இதை மத்தவங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பியேப்பா?"

"ஆமா சார். எனக்குக் கீழ வந்த எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்."

அதனால்தான் இந்தப் பதிவு. என் வகுப்பிலிருந்து புறப்பட்ட ஒரு தவறு எத்தனை ஃபயர்வால்களில் உட்கார்ந்திருக்கிறதோ தெரியாது. உங்களால் முடிந்தவரை உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களுக்கும் சொல்லுங்கள். இதில் எங்காவது நான் மறுபடி தவறியிருந்தால் கீழே தயங்காமல் எழுதுங்கள். சாரைத் திருத்துவதா என்று யோசிக்க வேண்டாம். அந்த மாணவரும் அப்படி யோசித்திருந்தால் எனக்கு இது தெரியவே வந்திருக்காது.

அன்புடன்,
உங்கள் பழைய கம்ப்யூட்டர் சார்